பதினான்கு வினாடி மின்சாரமும் ஒரு வாழ்த்துப்பாட்டும்

ஒரு காட்டில் கோடை வந்தால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் படிவங்கள் கூடும். அது அந்தக் காட்டின் வழக்கம்.

புல்வெளிக்கும் பாறைக்குன்றுக்கும் நடுவில் ஒரு சுனை. மாசி வரைக்கும் யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம், கேட்பாரில்லை. பங்குனி பிறந்ததும் சுனை சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும். அப்புறம் பலம் உள்ளவர்கள் முண்டியடித்துக் குடிப்பார்கள். மற்றவர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்து நிற்பார்கள். அந்தக் காட்டை ஆண்ட புலி மன்னர் வரிவேந்தர் இதைக் கண்டு மனம் பொறுக்காமல், பக்கத்துக் காட்டில் நடந்த மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து, "இனி நம் சுனை கணினிமயம்!" என்று அறிவித்தார். அது என்ன மயம் என்று கூட்டத்தில் பாதிப்பேருக்குப் புரியவில்லை. இருந்தாலும் எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். பேசியது புலி அல்லவா!

வந்து இறங்கிய கணினியைப் பார்த்தபோது பலருக்கும் ஏமாற்றம்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, அவ்வளவே. அதிலேயே மூளை, காது, வாய் எல்லாம் அடக்கம். ஞாபகம் மட்டும் நகத்தளவு மெமரி கார்டில். சுனைக்கரை வேங்கைமரத்தின் பொந்தில் அதை வைத்து, ஒரு திரையையும் ஒலிபெருக்கியையும் மாட்டினார்கள். குன்றின் மேல் ஒரு சோலார் தகடு. அங்கிருந்து கம்பம் வழியாக வயர் இழுத்து மின்சாரம். எல்லாரும் அதைப் "பலகை" என்றே கூப்பிட்டார்கள்.

பலகையைப் பார்த்துக்கொள்ளும் வேலை பூங்கோதைக்குக் கிடைத்தது. பூங்கோதை ஒரு முள்ளம்பன்றி. பெயர் வைத்தபோது அவளுக்கு முள் முளைத்திருக்கவில்லை. பலகையின் சின்னஞ்சிறு துளைகளில் வயரைச் செருகவும் திருகாணி முடுக்கவும் கருவி வேண்டுமே, காட்டில் வேறு யாரிடமும் இல்லை. இவள் முதுகு நிறைய வைத்திருந்தாள். நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது.

தண்ணீர் வேண்டுபவர் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுத வேண்டும். கால்தடம் வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பூங்கோதை அதையெல்லாம் பலகையில் ஏற்றியதும் ஒரு எண் கிடைக்கும். திரையில் எண் வந்தால், காவலுக்கு நிற்கும் கரடிகள் இரண்டும் வழிவிடும். பட்டியலில் பெயர் இல்லையென்றால், தாகத்தில் மயங்கி விழுந்தாலும் சுனைக்கு வெளியேதான் விழ வேண்டும்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். பலகைக்கு ஒரே ஒரு குணம் உண்டு. அணைப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால், கையில் உள்ள கணக்கையெல்லாம் கார்டில் எழுதி, கார்டை மூடி, நிதானமாகக் கண்ணை மூடும். சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போனால் அவ்வளவுதான், எழுதிக்கொண்டிருந்த பட்டியல் பாதியில் சிதைந்துவிடும். பொழுது சாயும் முன் பூங்கோதை தினமும் முறைப்படி அணைப்பாள். அப்போது ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை பட்டப்பகலில், யானை மாரக்காள் உருவத்தில் வந்தது.

மாரக்காளுக்குக் கோடையில் முதுகு அரிக்கும். அரித்தால் சோலார் கம்பத்தில் போய் உரசுவாள். கம்பம் ஆடும், வயர் கழன்றுகொள்ளும், பலகை செத்துப்போகும். பட்டியல் அழியும். அத்தனை பேரும் மறுபடி மூன்று பிரதி, கால்தடம், இரண்டு சாட்சி என்று முதலிலிருந்து வர வேண்டும். பங்குனி பாதி தாண்டுவதற்குள் ஆறு தடவை இப்படி நடந்துவிட்டது.

"மாரக்கா, வேற மரத்துல உரசக் கூடாதுங்களா?" என்று பூங்கோதை கெஞ்சிப் பார்த்தாள்.

"எந்த மரம் என் பாரம் தாங்குது? நான் சாஞ்சா அதுவும் சாஞ்சிருது. இது ஒண்ணுதான் அரசாங்கம் நட்டது, அசையுது, ஆனா விழ மாட்டேங்குது."

"சரி, உரசறதுக்கு முன்னாடி ஒரு குரலாவது குடுங்க. நான் அணைச்சுக்கறேன்."

"ஏம்மா, அரிப்பு என்ன சொல்லிட்டா வருது?" என்றாள் மாரக்காள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இதில் மிகவும் அடிபட்டவர் ஆமை குப்பண்ணன். அவர் குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வர வேண்டும். அவர் வந்து சேர்ந்து, எண் வாங்கி, முறை நெருங்கும்போது மாரக்காளுக்கு அரிக்கும். ஆறாவது தடவை அவருடைய எண் இரண்டு. திரை கறுத்ததைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி நின்றார்.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே," என்றாள் பூங்கோதை.

"விடுங்க அம்மணி. சாட்சிக்கு ரெண்டு பேரைக் கூட்டியார நாலு நாள் ஆகும். அதுக்குள்ள இன்னொருக்கா அழிஞ்சிருக்கும். அதனால நான் அவசரப்படப் போறதில்லை." அவருடைய உதடு வெடித்திருந்தது. ஓட்டின் விளிம்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

பூங்கோதைக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே கண்காணிப்பாளர் நரி சதுரப்பனைப் போய்ப் பார்த்தாள். சுனை அலுவலகத்துக்கு அவர்தான் மேலதிகாரி.

"ஐயா, ஒரு பேட்டரி வேணுங்க. வயர் கழண்டாலும் பலகை அரை நிமிஷம் உயிரோட இருந்தா போதும், பட்டியலைப் பத்திரப்படுத்திட்டுத் தானா அணைஞ்சிக்கும். இப்ப நடக்கறது என்னன்னா, ஒருத்தர் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே இலையை உருவற மாதிரிங்க."

"அருமையான யோசனை," என்றார் சதுரப்பன். "விண்ணப்பமாகக் கொடு. கணினியில் ஏற்றினால்தான் என் மேசைக்கு வரும்."

பூங்கோதை பேட்டரி கேட்டு விண்ணப்பத்தைப் பலகையில் ஏற்றினாள். மாரக்காள் உரசினாள். விண்ணப்பம் போயிற்று. திரும்ப ஏற்றினாள். இந்தத் தடவை மாரக்காளின் தங்கை வந்திருந்தாள், அவளுக்கும் அரித்தது. இப்படி நான்கு தடவை. ஐந்தாவது முறை நேரில் போய் நின்றபோது சதுரப்பன் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"உன்னிடமிருந்து ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்று கணினி சொல்கிறதே அம்மா. நீ சொல்வதை நம்பத்தான் ஆசை. ஆனால் கணினி பொய் சொல்லாதே."

அதற்குமேல் பூங்கோதை யாரையும் கேட்கவில்லை. சுற்றுலா ஜீப்புகள் போகிற தடத்தில் தேடிக்கொண்டு போனாள். மரத்தில் மோதி விழுந்த ஒரு பறக்கும் கேமரா கிடைத்தது. குழியில் குலுங்கி ஜீப்பிலிருந்து தெறித்த ஏதோ ஒரு கருவியும் கிடைத்தது. இரண்டையும் முள்ளால் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த ஆறு மின்தேக்கிகளை எடுத்துக்கொண்டாள். சுனைக்கரையில் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தபோது, மறுபடியும் விண்ணப்பம் போட வந்த குப்பண்ணன் அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னுங்க அம்மணி இது, குட்டிக் குட்டிப் பீப்பாயாட்டம்?"

"மின்சாரத்தைப் புடிச்சு வெக்கறதுங்க. பேட்டரி வயிறு மாதிரி, நாள் கணக்குக்குத் தாங்கும். இது வாய் மாதிரி. ஒரு வாய்த் தண்ணியை அடக்கி வெச்சிருந்து, வேணுங்கறப்ப..."

"தண்ணிப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க," என்றார் குப்பண்ணன்.

வயர் கழன்ற நொடியில் "போச்சு, மூட்டை கட்டு" என்று பலகைக்குச் சேதி சொல்ல ஒரு தனிக் கம்பியும் வைத்தாள். எல்லாம் முடித்து, சோதனைக்கென்று பொய்ப் பெயர்களில் ஒரு பட்டியலை ஏற்றி, வயரைத் தானே பிடுங்கிவிட்டு வாய்விட்டு எண்ணினாள். பதினான்கு எண்ணும்வரை பலகை உயிரோடு இருந்தது. பட்டியலை எழுதிக் கார்டை மூட அதற்குப் பதினொரு வினாடி போதும். பூங்கோதை துள்ளிக் குதிக்காத குறை.

ஆனால் திரும்ப வயரைச் செருகிப் பார்த்தால், பட்டியல் சிதைந்து கிடந்தது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு முறை பிடுங்கிப் பார்த்தாள். அப்போதுதான் காதில் விழுந்தது. பலகை கண்ணை மூடும் முன் முதல் வேலையாகப் பாடிக்கொண்டிருந்தது. தினமும் மாலையில் கேட்டுக் கேட்டுப் பழகியதால் அப்படி ஒன்று இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். அது சதுரப்பன் எழுதி, மைனாவைப் பாடவைத்து, தன் கையால் பலகையில் ஏற்றிய மன்னர் வாழ்த்து:

"காடாளும் வேந்தே! அறிவில்லாதவர்க்கும்
அருள்மழை பொழியும் அரசே, வாழ்க வாழ்க!"

பாட்டு ஒன்பது வினாடி ஓடும். பதினான்கில் ஒன்பது பாட்டுக்குப் போனால் மீதி ஐந்து. ஐந்து வினாடியில் பாதிப் பட்டியலைத்தான் எழுத முடியும்.

பாட்டை நீக்க முடியாது. நீக்குவது ராஜதுரோகம் என்று சுற்றறிக்கையே இருந்தது. வேங்கைமரத்தில் ஒட்டியிருந்த அந்தச் சுற்றறிக்கையைப் பூங்கோதை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பலகை அணையும் ஒவ்வொரு முறையும் மன்னர் வாழ்த்து ஒலித்தே தீர வேண்டும்" என்று இருந்தது. எப்போது ஒலிக்க வேண்டும் என்று இல்லை. எவ்வளவு தூரம் ஒலிக்க வேண்டும் என்றும் இல்லை.

அவள் வரிசையை மாற்றினாள். முதலில் பட்டியலை எழுது, கார்டை மூடு, அதற்கப்புறம் மூச்சு இருக்கும்வரை பாடு. அவ்வளவுதான். மின்தேக்கிகளைப் பொந்துக்குள் தள்ளிவிட்டு, பல நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள்.

சித்திரை நான்காம் தேதி. வெயில் பிளந்தது. குப்பண்ணனின் எண் ஒன்று. அவருக்குப் பின்னால் புள்ளிமான்கள், காட்டுக்கோழிகள், கைக்குட்டியோடு ஒரு தேவாங்கு என்று வரிசை வளைந்து வளைந்து நின்றது. அன்றைக்கென்று மன்னர் வரிவேந்தரே சுனைக்கு வந்திருந்தார். மன்னருக்கு எண் கிடையாது. அவர் குனிந்து ஆனந்தமாகக் குடித்துக்கொண்டிருந்தார். சதுரப்பன் பக்கத்தில் நின்று, தேக்கிலையால் விசிறிக்கொண்டிருந்தார்.

திரையில் "1" என்று வருவதற்கு இன்னும் அரை நிமிடம் இருந்திருக்கும். மாரக்காளுக்கு அரித்தது.

கம்பம் ஆடியது. வயர் கழன்றது. வரிசை முழுவதும் ஒரே குரலில் "அய்யோ" என்றது. குப்பண்ணன் வழக்கம்போலத் திரும்பி நடக்கக் காலை எடுத்துவிட்டார். ஆனால் திரை கறுக்கவில்லை. பூங்கோதை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. திரையில் எழுத்து வந்தது: "பட்டியல் பத்திரம்."

"நில்லுங்க பெரியவரே!" என்று கத்தினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. காடே கேட்கும்படி, மைனாவின் தேன் குரலில்:

"காடாளும் வேந்தே! அறிவில்லாத"

பதினான்கு வினாடி முடிந்தது. ஒலிபெருக்கி நின்றது.

மன்னருக்கு விக்கல் எடுத்தது. எடுத்த விக்கலில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"யார்?" என்றார் வரிவேந்தர். "யார் அறிவு...?" அந்தச் சொல்லைத் தானே முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கர்ஜனை செய்தார். நீண்ட கர்ஜனை.

அது முடியட்டும் என்று பூங்கோதை காத்திருக்கவில்லை. பழக்கத்தில் ஓடிப்போய் வயரைச் செருகிவிட்டாள். பலகை விழித்தது. திரையில் பளிச்சென்று வந்தது: "1. குப்பண்ணன்." கரடிகளுக்குத் திரையில் எண் வந்தால் வழிவிட வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும், மன்னர் கர்ஜித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வழிவிட்டன. குப்பண்ணன் இறங்கித் தலையை முழுசாகத் தண்ணீருக்குள் விட்டார். வெளியே நடப்பது எதுவும் அதற்கப்புறம் அவருக்குக் கேட்கவில்லை.

விசாரணை நின்ற இடத்திலேயே நடந்தது.

"மகாராஜா, காதில் விழுந்தது பாதி வரி. முழு வரி வேறு," என்றார் சதுரப்பன். அவர் வால் ஈரக்கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தன் குரலிலேயே முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார்.

மன்னர் யோசித்தார். "முழுசாகக் கேட்டாலும், அறிவில்லாதவர் என்ற பேச்சு என் பெயருக்கு அடுத்தாற்போலவா வரும்? எழுதியது யார்?"

சதுரப்பன் மைனா இருந்த கிளையைப் பார்த்தார். மைனா எப்போதோ பறந்துவிட்டது. "எழுதியது அடியேன்," என்று முணுமுணுத்தவர் அவசரமாக முன்னங்காலை நீட்டிச் சுட்டினார். "ஆனால் பாதியில் நிறுத்தியது இந்தப் பூங்கோதை! இயந்திரத்தில் கை வைத்தவள் இவள்!"

பூங்கோதைக்கு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டடி தள்ளிப்போனார்கள்.

"மின்சாரம் பத்தலைங்க மகாராஜா," என்றாள். "பதினாலு வினாடிக்குத்தான் இருந்துச்சு."

"பாட்டு எத்தனை வினாடி?"

"ஒன்பதுங்க."

மன்னர் நகங்களை மடக்கி மடக்கி எண்ணினார். பயிற்சி முகாமில் கணக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. "பதினான்குக்குள் ஒன்பது அடங்குமே?"

பூங்கோதை சுனையைப் பார்த்தாள். குப்பண்ணன் இன்னும் தலையை எடுக்கவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அடங்குங்க. ஆனா மொதப் பதினொரு வினாடி பட்டியலுக்குப் போயிருச்சு. சனங்க பேரெல்லாம் எழுதினதுக்கு அப்புறம்தான் மகாராஜா பாட்டு."

"எனக்கு முன்னால் இவர்களா?"

அந்தக் கேள்வியில் காட்டுக்கோழிகள் எல்லாம் புதருக்குள் போய்விட்டன. சதுரப்பன் மட்டும் பரபரவென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விசாரணை இந்த வழியில் போனால் முள்ளம்பன்றி மாட்டுவாள், சரி. ஆனால் முள்ளம்பன்றியை அடிப்பது புலிக்கும் சுலபமில்லை. கோபம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் பாட்டு எழுதியவரைத் தேடி வரும்.

"மகாராஜா!" என்று இடையில் புகுந்தார். "விழா என்றால் சிறப்பு விருந்தினர் எப்போது பேசுவார்? கடைசியில்தானே? வரவேற்புரை, அறிக்கை, ஆளுக்கு இரண்டு வார்த்தை என்று சில்லறைப் பேர்கள் எல்லாம் முடிந்து, கூட்டமே ஏங்கிக்கொண்டிருக்கும்போது அல்லவா தலைவர் எழுந்திருப்பார்! பூங்கோதை செய்தது மிகச் சரி. முதலில் ஆமை. கடைசியில் அரசர்."

வரிவேந்தரின் மீசை கொஞ்சம் இறங்கியது. "அது சரிதான்," என்றார். "அப்படியென்றால் நான் எழுந்ததும் மைக்கை அணைத்தது யார்?"

"மின்சாரப் பற்றாக்குறை, மகாராஜா!"

"என் புகழுக்கா பற்றாக்குறை! இன்னும் எவ்வளவு வேண்டும்?"

ஆறு வினாடி போதும் என்று சொல்லத்தான் பூங்கோதை வாயைத் திறந்தாள். சதுரப்பன் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அரசாங்க வேலையில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

"பாதுகாப்புக்காக," என்றார் சதுரப்பன், "ஒன்பது மணி நேரம்."

படிவம் இல்லை, மூன்று பிரதி இல்லை, சாட்சி இல்லை. பொழுது சாய்வதற்குள் வேங்கைமரத்தடிக்கு இரண்டு பெரிய பேட்டரிகள் வந்து சேர்ந்தன. கரடிகள் அவற்றைச் சதுரப்பனின் வளையிலிருந்துதான் தூக்கிவந்தன. அங்கே அவை அவருடைய மின்விசிறிக்கு என்று மூன்று வருடமாக இருந்தனவாம். பூங்கோதை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, வயரை எங்கே செருகுவது என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு அந்தக் கோடையில் ஒரு பட்டியலும் அழியவில்லை. மாரக்காள் காலையும் மாலையும் நிம்மதியாக உரசினாள். வயர் கழன்றால் பலகை சாவகாசமாக எழுதி முடித்து, முழுப் பாட்டையும் பாடிவிட்டு அணையும். பாட்டு தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, நின்றார்கள். சுனை அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் "மன்னர் வாழ்த்துத் தொடரொலிப்பு வாரியம்" என்று எழுதி, கீழே சின்னதாக "தண்ணீரும் வழங்கப்படும்" என்று சேர்த்தார்கள்.

வைகாசியில் ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ஒரு நீர்நாய் அம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவர்கள் காட்டு மருத்துவமனையிலும் இதே மாதிரி ஒரு பலகையாம். மின்சாரம் போனால் நோயாளிகள் பட்டியல் அழிந்துவிடுகிறதாம். பேட்டரி கேட்டு ஏழு விண்ணப்பம் போட்டும் பலனில்லையாம்.

"அக்கா, நீங்க மட்டும் எப்படி வாங்கினீங்க?"

பூங்கோதை மின்தேக்கிகள் ஆறையும் ஒரு இலையில் வைத்துக் கட்டி அவள் கையில் கொடுத்தாள். கம்பியை எங்கே இணைப்பது, எதை முதலில் எழுதச் சொல்வது என்று மண்ணில் கோடு கிழித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்:

"உங்க ராஜாவுக்கு வாழ்த்துப்பாட்டு ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லைங்களே."

"அப்ப மொதல்ல அதை எழுதுங்க. மூணாவது வினாடியில என்ன வார்த்தை வரணும்னு நான் சொல்லித் தர்றேன்."

நீதி: பத்திரமாக அணைய விரும்பும் கணினி தன் வேலையை முதலில் முடித்துக்கொண்டு, மன்னரின் புகழைப் பாதியில் நிறுத்த வேண்டும். எந்தச் சொல்லில் நிறுத்துவது என்பதில்தான் தொழில்நுட்பம் இருக்கிறது.